கோடுகள் நகர்ந்த மலை

வைகைச் சீமை: வரலாற்றுத் தொடர் – 27

1895-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மதராஸ் கவர்னர் வென்லாக் பிரபுவின் கையால் மதுரைப் பக்கம் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரியும். மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பி வைகையில் விடும் அணை திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் படம் இன்றும் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு தொங்குகிறது. இரண்டாவது காரியத்தை மதுரைக்காரர்களே மறந்துவிட்டார்கள். அதே மாதத்தில்தான் கொடைக்கானலில் ஒரு குன்றின் மேல் சூரியனை ஆராயும் வானாய்வு நிலையத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார்.

அணைக்கும் ஆய்வு நிலையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சென்ற பகுதியில் நாம் பார்த்த தாது வருஷப் பஞ்சம்தான் சம்பந்தம்.

1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தை உலுக்கிய அந்தப் பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி தென்னிந்திய மழைக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. மழை பொய்ப்பதும் அதே தாளத்தில்தான் நடக்கிறதா? அவரும் வானியல் அறிஞர் நார்மன் லாக்யரும் சேர்ந்து 1877-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு அமைந்த பஞ்ச விசாரணைக் கமிஷனும், சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையைப் புரிந்துகொள்ள வழி கிடைக்கலாம் என்று சொல்லிவைத்தது.

பசிக்கான காரணம் வானத்தில் மட்டும் இருக்கவில்லை. ஊர் செத்துக்கொண்டிருந்தபோது தானியம் கப்பலேறிய கதையைச் சென்ற பகுதியில் விரிவாகவே பார்த்தோம். புள்ளிக் கணக்கை வைத்து மழையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையும் பின்னாளில் தேறவில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கையில் கட்டிய நிலையம் நின்றது. கட்டியவர்கள் நினைத்தே பார்க்காத இடத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. தொலைதூர விண்மீன்களைச் சுற்றும் கோள்களையும், ஒளியையே வெளியே விடாத கருந்துளைகளையும் இன்று எந்த முறையில் கண்டுபிடிக்கிறார்களோ அந்த முறையின் பால பாடத்தில் ஒரு பகுதி மதுரை ஜில்லாவின் மலையில் எழுதப்பட்டது. ஜில்லா என்று சொல்வது சும்மா இல்லை. 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை கொடைக்கானல் மதுரையைச் சேர்ந்த ஊர்தான். அங்கே முதலில் குடியேறியவர்களும் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி 1845-ல் மலையேறிய அமெரிக்கன் மதுரை மிஷன் பாதிரிமார்களே.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் மிக்கி ஸ்மித். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். நீலகிரியையும் பழனி மலையையும் ஏறி இறங்கி, மேகம் எங்கே குறைவு, காற்று எங்கே அசையாமல் நிற்கிறது, வானம் காலையில் எத்தனை மணி நேரம் தெளிந்திருக்கிறது என்று குறித்தார். நீலகிரியில் கோத்தகிரியும் போட்டியில் இருந்தது. கடைசியில் 2,343 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் குன்று வென்றது. இன்று கொடை ரோடு என்று பெயர் தாங்கிய அம்மையநாயக்கனூர் நிலையம் வரை ரயில் இருந்தது. அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் மோட்டார் போகும் சாலை அப்போது கிடையாது. மலைக்கு வேண்டிய எல்லாவற்றையும்போல நிலையத்தின் கண்ணாடிகளும் பித்தளைக் குழல்களும் பெரியகுளம் பக்கத்துச் சுமைக்காரர்களின் தலையிலும் தோளிலுமே ஏறியாக வேண்டும். அவர்களின் பெயர் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. 1899 ஏப்ரல் 1 அன்று மதராஸ் நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய வானாய்வு நிலையத்தின் வேலை மலைக்கு மாறியது.

மதராஸிலிருந்து வந்த சாமான்களில் ஒரு பழைய தொலைநோக்கி இருந்தது. பாரிஸ் நகரத்து லெரெபூர் – செக்ரெத்தான் கம்பெனி செய்த, ஆறு அங்குல அகலக் கண்ணாடி கொண்ட கருவி. 1850-ல் மதராஸுக்கு வாங்கியது. அதை மலைக்குக் கொண்டுபோகுமுன் டப்ளின் கிரப் கம்பெனி புதுப்பித்துக் கொடுத்தது. கொடைக்கானலில் அதற்குச் சூரியனைப் பார்க்கும் வேலை. மதராஸில் இருந்தபோதோ அது இரட்டை விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1848 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் மதராஸ் நிலையத்தை நடத்தியவர் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப். கம்பெனிப் பட்டாளத்தின் பொறியாளர். உடல்நலம் அவருக்கு ஒத்துழைத்ததே இல்லை; கண்ணும் கையும் மட்டும் ஒத்துழைத்தன. சனிக் கோளின் மங்கலான உள்வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்பதை 1852-ல் மதராஸிலிருந்து கண்டு சொன்னவர் அவர். இரட்டை விண்மீன்களில் அவருக்குத் தனிப் பிடிப்பு. பாம்புதாரிக் கூட்டத்தில் 70 என்ற எண் பெற்ற ஒரு விண்மீன் வெறுங்கண்ணுக்குச் சிறு பொட்டாகத் தெரியும். தொலைநோக்கியில் பார்த்தால் இரண்டு. சுமார் 88 ஆண்டுக்கு ஒருமுறை அவை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. அதன் பாதையைக் கணக்கிட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு சிக்கல் வந்தது. கணக்குக்கும் கண்ட இடத்துக்கும் ஒரு சிறு வித்தியாசம் விழுந்துகொண்டே இருந்தது. 1855-ல் ஜேக்கப் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் இதழில் எழுதினார்: கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்து இழுத்தால் இந்த வித்தியாசம் வரும்; அப்படி ஒன்று இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

நம் சூரியனை விட்டு வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அளவுகளை ஆதாரமாகக் காட்டிச் சொன்ன முதல் குரல்களில் ஒன்று இது. அது தமிழ் மண்ணிலிருந்து எழுந்தது. சொன்னது பிசகு என்பது பிறகு தெரிந்தது. 1890-களில் அமெரிக்காவில் டி.ஜே.ஜே. சீ என்பவர் அதே கோளுக்குப் பாதைகூட வரைந்து காட்டினார். கொடைக்கானல் நிலையம் வேலை தொடங்கிய அதே 1899-ல் ஃபாரஸ்ட் மோல்டன் என்ற கணித அறிஞர், அப்படிப்பட்ட மூன்று உடல் கூட்டம் நிலைத்து நிற்காது என்று நிரூபித்தார். ஜேக்கப் அதைக் கேட்க இருக்கவில்லை. மலைமேல் வானாய்வு நிலையம் வேண்டும் என்பதே அவருடைய கடைசிக் கனவு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொடுத்த 1,000 பவுன் உதவியோடு 1862 ஆகஸ்டில் பம்பாய் வந்து இறங்கினார். பூனாவுக்குப் போனார். சில நாட்களுக்குள், 48 வயதில், அங்கேயே இறந்தார்.

கோள் இல்லை என்றாலும் அவருடைய யோசனை பிசகவில்லை. தெரியாத பொருளைத் தேடாதே, அது இழுக்கிற தெரிந்த பொருளின் நடையைப் பார் என்பதுதான் அந்த யோசனை. இந்தப் பகுதி முழுவதும் நாம் பார்க்கப்போவது அதைத்தான்.

விண்மீனின் நடையைப் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வானத்தில் அது பக்கவாட்டில் தள்ளாடுகிறதா என்று அளப்பது. ஜேக்கப் செய்தது அது. மற்றது, நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று அதன் ஒளியிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்வது. இந்த இரண்டாவது வழியில் கொடைக்கானல் பேர் வாங்கியது.

சூரிய ஒளியை ஒரு குறுகிய பிளவு வழியே விட்டு, நெருக்கமாகக் கோடு கிழித்த தகட்டில் பட வைத்தால் அது ஊதாவிலிருந்து சிவப்பு வரை நீளமாக விரிகிறது. அந்த நிறமாலையில் ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் குறுக்கே ஓடும். இரும்புக்குச் சில கோடுகள், கால்சியத்துக்குச் சில, ஹைட்ரஜனுக்குச் சில என்று ஒவ்வொன்றுக்கும் இடம் நிச்சயம். கொடை ரோடு ஸ்டேஷனில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸின் ஹாரன், வரும்போது கீச்சென்றும் கடந்தபின் இறங்கியும் கேட்கிறதல்லவா? ஒளிக்கும் அதே விதிதான். ஒளிதரும் வாயு நம்மை நோக்கி வந்தால் கோடுகள் ஊதாப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம். நகர்ந்த தூரத்தை அளந்தால் வேகம் கைக்கு வந்துவிடும்.

ஜான் எவர்ஷெட் 1907 ஜனவரியில் கொடைக்கானல் வந்து சேர்ந்தார். கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொள்ளும் மனிதர். மனைவி மேரியும் வானியல் அறிஞர். கவிஞர் தாந்தேயின் வானியலைப் பற்றிய நூலை அவர் வெளியிட்டது இருவரும் கொடைக்கானலில் இருந்த 1914-ல்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி மாதம் பழனி மலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். 1909 ஜனவரி 5 அப்படியொரு நாள். சூரியனின் முகத்தில் பெரிய புள்ளிகள் இருந்தன. எவர்ஷெட் நிறமாலைக் கருவியின் பிளவைப் புள்ளியின் குறுக்கே வைத்துப் படமெடுத்தார். புள்ளியின் நடுவில் நேராக இருந்த கோடுகள், அதைச் சுற்றியுள்ள மங்கலான விளிம்பை ஒட்டி ஒரு பக்கம் ஊதாவுக்கும் எதிர்ப்பக்கம் சிவப்புக்கும் சாய்ந்திருந்தன.

புள்ளி ஒரு சுழல் என்றால் சாய்வு ஒரு விதமாக வர வேண்டும். எவர்ஷெட் அடுத்தடுத்த நாட்களில் பிளவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். சூரியனின் மையத்தை நோக்கிய திசையில் வைத்தால் சாய்வு முழுதாக இருந்தது. அதற்குச் செங்குத்தாக வைத்தால் மறைந்துபோனது. புள்ளி சூரியவட்டத்தின் நட்டநடுவில் வந்தபோதும் சாய்வு இல்லை. அப்படியானால் வாயு சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து நாலா பக்கமும், மேற்பரப்பை ஒட்டிப் படுக்கைவாட்டில் வெளியே ஓடுகிறது. வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். உலகம் இதை எவர்ஷெட் விளைவு என்கிறது. சூரிய இயற்பியல் படிக்கும் எந்த நாட்டு மாணவரும் இந்தப் பேரைத் தாண்டாமல் போக முடியாது.

கண்ணாடித் தட்டுகளில் இந்த நகர்வை அளப்பது கண்ணைப் பிழியும் வேலை. அதற்கும் எவர்ஷெட் ஒரு வழி கண்டார். நிறமாலைத் தட்டின் நெகட்டிவை வைத்து, அதன் பாசிட்டிவ் நகல் ஒன்றை இடம் வலம் மாற்றி அதன் மேலேயே பொருத்துவார். நெகட்டிவில் வெள்ளையாக விழும் கோடு பாசிட்டிவில் கறுப்பு. இரண்டும் மிகச் சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் ஒன்றையொன்று அழித்து அந்த இடம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நுண்திருகை மெல்லத் திருப்பி அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். தட்டைத் திருப்பிப் போட்டிருப்பதால் நகர்வும் இரட்டித்துத் தெரியும். கோட்டின் நடு எது என்று கண்மதிப்பில் குத்துமதிப்பாகச் சொல்லும் தொல்லை இதில் இல்லை. கணினி இல்லாத காலத்தில் கையும் கண்ணும் எட்டிய நுட்பம் இது.

இந்த நுட்பம் எதற்கு அவ்வளவு தேவைப்பட்டது? ஐன்ஸ்டைனுக்காக.

கனமான பொருளிலிருந்து மேலேறி வரும் ஒளி அந்த ஏற்றத்தில் கொஞ்சம் சக்தியை இழக்கும், அதனால் அதன் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும் என்று ஐன்ஸ்டைன் சொல்லியிருந்தார். சூரியனுக்கு அந்த நகர்வு எவ்வளவு? வாயு விநாடிக்கு 636 மீட்டர் வேகத்தில் விலகிப் போனால் எவ்வளவு நகருமோ அவ்வளவுதான். சூரியனின் மேற்பரப்பில் வாயு எழும்பியும் அமிழ்ந்தும் கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சலனங்களுக்கு நடுவே இதைப் பிரித்தெடுக்க வேண்டும். எவர்ஷெட்டும், அவருக்குப் பின் இயக்குநரான தாமஸ் ராய்ட்ஸும், சுதேச உதவியாளர்களும் ஆண்டுக்கணக்கில் தட்டுத் தட்டாக அளந்தார்கள். கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்துதான் இருந்தன. ஆனால் எல்லாக் கோடும் ஒரே அளவு நகரவில்லை. சூரியனின் விளிம்பில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி. அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் சார்ல்ஸ் செயின்ட் ஜான் 1917-ல், ஐன்ஸ்டைன் சொன்ன நகர்வு இல்லை என்றே எழுதினார்.

பூமியே சூரியனின் வாயுவைத் தள்ளுகிறதோ என்றுகூட எவர்ஷெட்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அப்படியென்றால் பூமிக்கு எதிர்ப்பக்கம் உள்ள சூரிய முகத்தில் கோடுகள் வேறுவிதமாக இருக்க வேண்டும். அந்த முகத்தை இங்கிருந்து பார்ப்பது எப்படி? சூரியனுக்கு அந்தப்புறம் இருக்கும் வெள்ளிக் கோளைப் பார்த்தார். வெள்ளியின் ஒளி, அது பார்த்துக்கொண்டிருக்கிற சூரிய முகத்தின் ஒளிதானே! ஒரு கோளைக் கண்ணாடியாக்கி, தன் கண்ணுக்கு எட்டாத பக்கத்தை மதுரை ஜில்லா மலையிலிருந்து அவர் படித்தார். கொடைக்கானலில் நடந்த வேலைகளிலேயே மிக அழகானது இதுதான். முடிவு எப்படி இருந்தாலும். ஆண்டுகள் செல்லச் செல்ல எவர்ஷெட், செயின்ட் ஜான் இருவருமே ஐன்ஸ்டைன் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

எவர்ஷெட் 1923-ல் மலையிறங்கினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1930-ல், மதராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்து முடித்த 19 வயது இளைஞர் ஒருவர் பம்பாயில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். சுப்பிரமணியன் சந்திரசேகர். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி அடங்கும்போது அதற்கு ஒரு பார வரம்பு உண்டு என்பதைப் பயணத்தில் போட்ட கணக்கு அவருக்குக் காட்டியது. இன்றைய மதிப்பில் அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் கனம் இருந்தால் அடங்காது, சுருங்கிக்கொண்டே போகும். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் இதைப் பற்றி அவர் பேசி அமர்ந்ததும், அக்காலத்து வானியலின் பெருந்தலையான ஆர்தர் எடிங்டன் எழுந்து அதை அபத்தம் என்று தள்ளினார். எடிங்டன் பக்கம் பெரிய பேர் இருந்தது, சந்திரசேகர் பக்கம் கணக்கு இருந்தது. 1983-ல் நோபல் பரிசு வந்தது. கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவருடைய பெருநூல் வெளியானதும் அதே ஆண்டில்தான்.

கணக்கில் இருந்த கருந்துளையை வானத்தில் பிடித்தது எப்படி? ஜேக்கப்பின் யோசனையும் எவர்ஷெட்டின் கோடுகளும் இங்கேதான் ஒன்றாகச் சேருகின்றன. அன்னப்பறவைக் கூட்டத்திலிருந்து பலமாக எக்ஸ் கதிர் வந்துகொண்டிருந்தது. சிக்னஸ் எக்ஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். அந்த இடத்தில் தெரிந்தது ஒரு நீல விண்மீன் மட்டும்தான். 1971-ல் லூயிஸ் வெப்ஸ்டரும் பால் மர்டினும் இங்கிலாந்திலும், டாம் போல்டன் கனடாவிலும் அந்த நீல விண்மீனின் கோடுகளை அளந்தார்கள். கோடுகள் 5.6 நாளுக்கு ஒருமுறை ஊதாவுக்கும் சிவப்புக்கும் போய்ப் போய் வந்தன. பக்கத்தில் ஏதோ ஒன்று அதை ஆட்டிவைக்கிறது. ஆட்டும் அளவைப் பார்த்தால் அது நியூட்ரான் விண்மீனாக இருக்க முடியாத கனம். ஆனால் ஒளி இல்லை. புதிய அளவுகளின்படி சூரியனைப்போல் சுமார் 21 மடங்கு.

1995-ல் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் திதியே கெலோஸும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்தார்கள். 51 பெகாசி என்ற சூரியன் மாதிரி விண்மீனின் கோடுகள் 4.2 நாளுக்கு ஒருமுறை ஆடின. வேகம் விநாடிக்கு 60 மீட்டருக்கும் கீழே. ஆட்டுவது வியாழனில் பாதி கனமுள்ள ஒரு கோள். எவர்ஷெட் அளந்த புள்ளி வாயுவின் வேகம் விநாடிக்கு 2,000 மீட்டர். ஐன்ஸ்டைன் நகர்வு 636. மேயரும் கெலோஸும் இறங்கியது 60-க்கு. நம் பூமி சூரியனை ஆட்டுவது விநாடிக்கு 9 சென்டிமீட்டர். அதை எட்டத்தான் இன்று உலகமெங்கும் கருவி செய்துகொண்டிருக்கிறார்கள். இந்தியாவிலும் ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக் கூடம் வைத்திருக்கும் பாரஸ் கருவி, 600 ஒளியாண்டுக்கு அப்பால் பூமியைப்போல் சுமார் 27 மடங்கு கனமுள்ள ஒரு கோளை 2018-ல் உறுதிசெய்தது.

கோளைப் பிடிக்க வேறொரு வழியும் உண்டு. கோள் விண்மீனின் குறுக்கே வரும்போது ஒளி கொஞ்சம் மங்கும். இன்று தெரிந்த புறக்கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கிடைத்தவையே. ஒளி மங்குவதைப் பார்த்து, மறைக்கிற பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ளும் இந்தக் கலையும் தமிழ்நாட்டுக்குப் பழையது. 1960-ல் கொடைக்கானல் இயக்குநராக வந்த வைனு பாப்பு, இரவு வானத்துக்கு வேறு இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைக் கண்டுபிடித்தார். 1972-ல் வியாழனின் துணைக்கோள் கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூர் பதிவுசெய்தது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனின் அருகே வந்தபோது அந்த விண்மீன் சில விநாடிகள் மங்கி மீண்டது. காவலூரில் அதைப் பிடித்த ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் முதலில் புதிய துணைக்கோள் என்று நினைத்தார்கள். அமெரிக்கர்கள் விமானத்திலிருந்தும், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்தும் எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு! கேமரா எதுவும் அந்த வளையங்களை அதுவரை படமெடுத்திருக்கவில்லை.

ஜேக்கப்பின் பக்கவாட்டுத் தள்ளாட்டம் மட்டும் நெடுங்காலம் கைகூடாமலே இருந்தது. பூமியின் காற்று மண்டலம் விடவில்லை. ஐரோப்பாவின் கயா விண்கலம் காற்றுக்கு மேலே போய் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை அளந்தது. அதன் அளவுகளிலிருந்து 2022-ல், சுமார் 1,560 ஒளியாண்டுத் தொலைவில் சூரியன் மாதிரி ஒரு விண்மீனைத் தள்ளாட வைக்கும் கருந்துளை அகப்பட்டது. 2024-ல் சூரியனைப்போல் 33 மடங்கு கனமுள்ள இன்னொன்று. 2025-ல் கயா-4பி என்ற கோள். 1855-ல் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து ஜேக்கப் எந்த வழியில் தேடினாரோ அதே வழி. அவருக்குப் பிசகிய இடத்தில் 170 ஆண்டுகள் கழித்து வேலை முடிந்தது.

எவர்ஷெட் தலைமுடிப் பருமனில் சிறு பங்காகத் தட்டில் தேடிய சிவப்பு நகர்வுக்கும் ஒரு முடிவு உண்டு. நம் பால்வீதியின் மையத்தில் சூரியனைப்போல் 40 லட்சம் மடங்கு கனமுள்ள கருந்துளை இருக்கிறது. எஸ்-2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவருகிறது. 2018 மே மாதம் அது கருந்துளைக்கு மிக அருகில், விநாடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்தது. சிலி நாட்டுத் தொலைநோக்கிகள் அதன் கோடுகளைப் பார்த்தபோது, சாதாரண ஓட்டத்தால் வர வேண்டியதைவிட விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் அளவுக்கு அவை கூடுதலாகச் சிவந்திருந்தன. ஐன்ஸ்டைன் கணக்குப்படி அவ்வளவுதான் சிவக்க வேண்டும்.

இப்போது சந்திரசேகரின் பெயரே ஒரு தொலைநோக்கியாகப் பறக்கிறது. 1999-ல் ஏவிய சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம், கருந்துளையில் விழும் வாயு கொதித்து உமிழும் கதிர்களைப் பிடிக்கிறது. 2023-ல் அதுவும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியும் சேர்ந்து, பேரண்டத்துக்கு 50 கோடி வயதுகூட ஆகாத காலத்தில் இருந்த ஒரு பெருங்கருந்துளையைக் காட்டின. பெரிய வாயு மேகம் விண்மீனாகாமல் நேரே கருந்துளையாகச் சரிந்திருக்கலாம், அப்படியானால் அது இன்னின்ன மாதிரி தெரியும் என்று முன்பே கணித்துவைத்திருந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன். அந்தக் கணிப்போடு யு.எச்.இசட்-1 என்ற அந்தப் பொருள் பொருந்தி வந்திருக்கிறது.

கொடைக்கானலின் வேலை தீர்ந்துபோய்விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே நாள்தோறும் எடுத்த சூரியப் படங்கள் கண்ணாடித் தட்டிலும் பிலிமிலும் இருக்கின்றன. ஒரே இடத்தில் நூறாண்டுக்கு மேல் விடாமல் எடுத்த வரிசை உலகத்தில் மிக அரிது. இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டது. கோள் தேடுகிறவர்களுக்கு விண்மீனின் புள்ளிகளே பெரிய இடைஞ்சல். புள்ளிகள் சுழன்று வரும்போது கோடுகள் ஆடி, இல்லாத கோளை இருப்பதாகக் காட்டிவிடும். ஒரு விண்மீனின் முகம் பத்தாண்டு, ஐம்பதாண்டு, நூறாண்டில் எப்படி மாறுகிறது என்று அருகிலிருந்து பார்த்த கணக்கு வேண்டும் என்றால், அதைத் தரக்கூடியது நம் சூரியன் ஒன்றுதான். பஞ்சத்துக்குப் பதில் தேடித் தொடங்கிய புள்ளிக் கணக்கு இன்று பூமி மாதிரி ஒரு கோளைத் தேடுகிறவர்களுக்குப் பயன்படுகிறது.

மதுரையிலிருந்து பள்ளிக்கூடச் சுற்றுலா என்று ஆண்டுதோறும் எத்தனையோ பஸ்கள் மலையேறுகின்றன. ஏரியில் படகு, தூண்பாறை, குணா குகை, சாக்லேட் கடை என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள். அப்சர்வேட்டரி அதே ஊரில்தான் இருக்கிறது. பார்வையாளர்களுக்கு அருங்காட்சியகமும் உண்டு. ஆசிரியர்களே, அடுத்த முறை அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சூரிய நிறமாலையின் கருங்கோடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 1909 ஜனவரியில் அவை சாய்ந்தது அந்தக் குன்றில்தான் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த பகுதியில் பெரியாற்றுத் தண்ணீர் மேலூர் வரை வந்த கதை.

(தொடரும்)